ராத்திரியில் ஆக்சிஜன் தரும் செடி

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் சில செய்திகள் பண்டிகை மாதிரி வருஷா வருஷம் திரும்பி வரும். அதில் ஒன்று, 'இரவிலும் ஆக்சிஜன் தரும் அற்புதச் செடிகள்'. பட்டியலில் ஸ்நேக் பிளான்ட், சோற்றுக்கற்றாழை, துளசி, அரசமரம் எல்லாம் இருக்கும், கடைசியில் நாசாவே சொல்லிவிட்டது என்று ஒரு முத்திரை. போன மாதம் எங்கள் பெரியம்மா அதை நம்பி இரண்டு தொட்டி ஸ்நேக் பிளான்ட் வாங்கிவந்து, கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் சந்தேகம் வந்திருக்கிறது. "ஏன்டா, இது நிஜமா?" என்று எனக்கு போன்.

பொய் என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் முழுப் பொய்யாக இல்லாமல், பட்டியலில் இரண்டு செடிகளைப் பொறுத்தவரை பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி எது, மீதிப் பாதி எங்கே கோணலாகிறது என்று சொல்லப்போனால் ஒளிச்சேர்க்கையை முழுசாகவே பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பள்ளியில் நாம் படித்ததிலேயே இரண்டு இடங்களில் தப்பான படம் மனதில் பதிந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

முதல் தப்பு, ஆக்சிஜன் எங்கிருந்து வருகிறது என்பது. கரியமில வாயுவை இலை உள்ளே இழுக்கிறது, அதிலிருந்து கார்பனை உருவிக்கொண்டு மிச்சமிருக்கும் ஆக்சிஜனை வெளியே துப்புகிறது, இப்படித்தான் பெரும்பாலானோர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். விஞ்ஞானிகளும் ரொம்ப காலம் அப்படித்தான் நினைத்தார்கள். 1930களில் வான் நீல் என்பவர் கந்தக பாக்டீரியாக்களை வைத்து வேலை செய்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. அவையும் ஒளியை வைத்துத்தான் உணவு தயாரிக்கின்றன, கரியமில வாயுவையும் எடுத்துக்கொள்கின்றன, ஆனால் தண்ணீருக்குப் பதில் ஹைட்ரஜன் சல்பைடைப் பயன்படுத்துகின்றன, கழிவாகக் கந்தகத்தை ஒதுக்குகின்றன. அங்கே கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடிலிருந்து வருகிறது என்றால், இங்கே ஆக்சிஜன் தண்ணீரிலிருந்துதானே வர வேண்டும்? 1941இல் சாமுவேல் ரூபன், மார்ட்டின் கேமன் குழு அதைச் சோதித்தே காட்டிவிட்டது. எடை கூடிய ஆக்சிஜன் அணுக்கள் கலந்த தண்ணீரில் பாசியை வளர்த்தார்கள்; வெளியே வந்த குமிழிகளில் அந்த எடை கூடிய ஆக்சிஜன் இருந்தது. நாம் மூச்சில் இழுப்பது உடைந்த தண்ணீரின் மிச்சம். செடிக்கு அது கழிவு.

தண்ணீரை உடைப்பது சாதாரண வேலை இல்லை. அடுப்பில் வைத்து எவ்வளவு கொதிக்கவிட்டாலும் ஆவியாகுமே தவிர ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரியாது. இலைக்குள் அந்த வேலையைச் செய்வது நான்கு மாங்கனீசு அணுக்களும் ஒரு கால்சியம் அணுவும் சேர்ந்த ஒரு சின்னக் கொத்து. பச்சையம் ஒளியை வாங்கி ஒரு எலக்ட்ரானை இழக்கும், இழந்ததை இந்தக் கொத்திடமிருந்து பிடுங்கிக்கொள்ளும், கொத்து தன் பங்குக்குத் தண்ணீரிடமிருந்து பிடுங்கும். இப்படி நான்கு முறை நடந்தால்தான் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு பிறக்கும். 1969இல் பியர் ஜோலியோ செய்த ஒரு சோதனை இதை அழகாகக் காட்டுகிறது. இருட்டில் வைத்திருந்த பசுங்கணிகங்களுக்கு, அதாவது இலைச் செல்லுக்குள் ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சை நுண்ணுறுப்புகளுக்கு, மின்னல் வெட்டுகிற மாதிரி சின்னச் சின்ன ஒளித்துடிப்புகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தார்கள். முதல் துடிப்பில் ஒன்றுமில்லை, இரண்டாவதிலும் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, மூன்றாவதில் ஆக்சிஜன் குபுக்கென்று வந்தது. அப்புறம் ஏழாவதில், பிறகு பதினொன்றாவதில். கொத்து இருட்டில் முதல் படியைத் தாண்டிய நிலையிலேயே காத்துக்கொண்டிருக்கும், அதனால்தான் முதல் சுற்றில் மட்டும் மூன்று போதும், மற்றபடி கணக்கு நான்குக்கு நான்கு.

துடிப்பு இல்லையென்றால் ஆக்சிஜன் இல்லை. அரசமரமானாலும் கற்றாழையானாலும் குளத்துப் பாசியானாலும் விதி இதுதான். பெரியம்மாவின் கேள்விக்கான பதில் இங்கேயே முடிந்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

சொல்லப்போனால் இது 1779இலேயே தெரிந்த விஷயம். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுவர்த்தி எரிந்து கெட்டுப்போன காற்றைப் புதினாச் செடி சரிசெய்துவிடுகிறது என்று கண்டுபிடித்திருந்தார். ஆனால் அந்தச் சோதனை சில நேரம் பலித்தது, சில நேரம் காலைவாரியது. யான் இங்கன்ஹௌஸ் என்ற டச்சு மருத்துவர் லண்டனுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு ஒரே கோடைக்காலத்தில் ஐந்நூறு சோதனைகள் போல நடத்தி காரணத்தைப் பிடித்தார். வெயில் பட்டால்தான் இலை காற்றைச் சுத்தம் செய்கிறது, அதிலும் பச்சையான பாகங்கள் மட்டும். இருட்டில் செடியும் நம்மைப் போலவே காற்றைக் கெடுக்கிறது.

ஆமாம், செடியும் மூச்சுவிடும், பகலும் இரவும் விடும். பகலில் செய்த சர்க்கரையில் ஒரு பங்கை இலை மாவுச்சத்தாகச் சேர்த்துவைத்துக்கொண்டு, ராத்திரி முழுக்க அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கிறது. ஆய்வகங்களில் அதிகம் வளர்க்கப்படும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடி, விடிவதற்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று தெரிந்ததுபோல மாவுச்சத்தைக் கரைக்கிறது, விடியும்போது கையிருப்பு ஏறக்குறைய காலியாகியிருக்கும். மாதக் கடைசி வரை சம்பளத்தை இழுத்துப்பிடிக்கும் நம்மைவிட சாமர்த்தியம். இதைச் செலவழிக்கும்போது ஆக்சிஜனை உள்ளே வாங்கி கரியமில வாயுவை வெளியே விடுகிறது. 'ராத்திரி புளியமரத்தடியில் படுக்காதே, பேய் அடிக்கும்' என்பதற்கு இதைத்தான் அறிவியல் விளக்கமாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. திறந்த வெளியில் லேசாகக் காற்று அசைந்தாலே அந்தக் கரியமில வாயு கலைந்துபோகும். பேய்தான் காரணம் என்று சொல்லிவிட்டால் கூட அதில் ஒரு நேர்மை இருக்கிறது.

இரண்டாவது தப்பு, 'இருள்வினை' என்ற சொல். ஒளிவினை, இருள்வினை என்று இரண்டாகப் பிரித்துப் படித்தவர்கள், முதலாவது பகலிலும் இரண்டாவது ராத்திரியிலும் நடக்கிறது என்று எழுதி மதிப்பெண் இழந்திருப்பார்கள், அவர்கள் மேல் தப்பில்லை, பெயர் அப்படி. இரண்டும் பகலில்தான் நடக்கின்றன. ஒளிவினையில் தண்ணீர் உடைந்து எலக்ட்ரான்கள் ஓடும்போது, பசுங்கணிகத்துக்குள் இருக்கும் நுண்பைகளில் ஹைட்ரஜன் அயனிகள் அணைக்கட்டில் தண்ணீர் ஏறுவதுபோல ஏறுகின்றன. அவை வெளியே பாயும் வழியில் நிஜமாகவே சுழலும் ஒரு புரதச் சக்கரம் இருக்கிறது. மேட்டூரில் டர்பைன் சுற்றி மின்சாரம் வருவதுபோல அது சுற்றி ஏடிபி என்ற ஆற்றல் நாணயத்தை அச்சடிக்கிறது. பீட்டர் மிட்செல் 1961இல் இந்த யோசனையைச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை, 1978இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். இந்த நாணயத்தைச் செலவழித்துக் காற்றிலிருந்து சர்க்கரை கட்டுவதுதான் அந்த இருள்வினை. அதற்கு நேரடியாக ஒளி தேவையில்லை, அவ்வளவுதான். நாணயம் வருவது நின்றால் அதுவும் நிற்கும். போதாததற்கு அதில் வேலை செய்யும் சில நொதிகளே இருட்டானால் அணைந்துவிடும்.

காற்றிலிருந்து சர்க்கரை என்று சாதாரணமாக எழுதிவிட்டேன், அதைக் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். மரம் மண்ணைத் தின்று வளர்கிறது என்றுதான் நம் எல்லாருக்கும் உள்ளூர ஒரு நினைப்பு. பிரஸ்ஸல்ஸ்காரரான வான் ஹெல்மோன்ட், 200 பவுண்டு உலர்ந்த மண்ணைத் தொட்டியில் நிரப்பி 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, ஐந்து வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டாகியிருந்தது, மண் குறைந்ததோ ஏறக்குறைய 2 அவுன்ஸ். அவர் இறந்தபின் 1648இல் இது அச்சானது. தண்ணீர்தான் மரமாகிவிட்டது என்று அவர் முடிவுகட்டினார், பாதிதான் சரி. விறகின் உலர்ந்த எடையில் கிட்டத்தட்ட பாதி கார்பன், அது முழுக்கக் காற்றிலிருந்து வந்தது. மண்ணிலிருந்து எவ்வளவு வந்தது என்று பார்க்க வேண்டுமானால் விறகை எரித்துவிட்டு அடுப்பில் மிஞ்சும் சாம்பலைப் பார்த்தால் போதும். உரக்கடையில் செடிக்கு உணவு என்று எழுதி விற்கிறார்களே, அது உப்பு புளி மாதிரி. சோறு மேலேயிருந்து வருகிறது.

அந்தச் சோற்றை ஆக்கும் வழியை 1940களின் கடைசியிலும் 50களிலும் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் மெல்வின் கால்வின், ஆண்ட்ரூ பென்சன், ஜேம்ஸ் பாசம் மூவரும் கண்டுபிடித்தார்கள். கதிரியக்கக் கார்பன் கலந்த வாயுவைப் பாசிக்குக் கொடுத்து, சில நொடிகளில் கொதிக்கும் ஆல்கஹாலில் போட்டு நிறுத்தி, கார்பன் எந்தெந்தப் பொருளில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று தேடினார்கள். 1961இல் நோபல் கால்வினுக்கு மட்டும் கிடைத்தது. பென்சனுக்குக் கிடைக்காதது அநியாயம் என்று நினைப்பவர்கள் நிறைய, நானும் அந்தக் கட்சி.

அந்தச் சுழற்சியின் வாசலில் உட்கார்ந்திருப்பது ரூபிஸ்கோ என்ற நொதி. காற்றிலிருக்கும் கரியமில வாயுவைப் பிடித்து சர்க்கரைத் தொடரில் கோர்ப்பது இதன் வேலை. இவ்வளவு முக்கியமான வேலைக்கு இவ்வளவு மந்தமான ஆளை யாரும் வைத்திருக்க மாட்டார்கள். நல்ல நொதிகள் நொடிக்கு ஆயிரக்கணக்கில் வேலை முடிக்கும்போது இது முடிப்பது மூன்று, மிஞ்சிப்போனால் பத்து. வேகம்தான் இல்லை, கண்ணும் சரியில்லை. கரியமில வாயு என்று நினைத்து ஆக்சிஜனையும் பிடித்துவிடும். காற்றில் கரியமில வாயு பத்தாயிரத்தில் நான்கு பங்குக்குச் சற்று மேல், ஆக்சிஜன் நூற்றுக்கு 21, அதாவது ஐந்நூறு மடங்கு. அந்தக் கூட்டத்தில் நான்கு தடவை சரியாகப் பிடித்து ஒரு தடவை தப்பாகப் பிடிக்கிறது என்பது ஒருவகையில் திறமைதான். ஆனால் அந்த ஒரு தப்பைச் சரிசெய்ய, சம்பாதித்த கார்பனில் கொஞ்சத்தைத் திரும்ப விட வேண்டியிருக்கிறது, ஏடிபியும் செலவு. வெயில் ஏற ஏற தப்பு கூடும். நெல், கோதுமை, உளுந்து, வாழை, தென்னை, மா எல்லாம் இந்த நஷ்டத்தோடுதான் வளர்கின்றன. இலைக்கு இந்த மந்த ஆளைத் தவிர வேறு ஆள் இல்லாததால், எண்ணிக்கையை ஏற்றி ஈடுகட்டுகிறது. நெல் இலையின் கரையும் புரதத்தில் பாதி வரை ரூபிஸ்கோதான்.

இதற்கு மேல் தண்ணீர்ப் பிரச்சினை. கரியமில வாயு உள்ளே வர இலையின் அடியிலிருக்கும் இலைத்துளைகள் திறந்திருக்க வேண்டும். திறந்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகும். உள்ளே வரும் ஒரு கரியமில வாயு மூலக்கூறுக்கு வெளியே போகும் தண்ணீர் மூலக்கூறுகள் நெல் மாதிரிப் பயிரில் சில நூறு. உடைத்து ஆக்சிஜனாக்கும் தண்ணீர் இதன் பக்கத்தில் கணக்கிலேயே வராது. மதியம் வேர் தரும் தண்ணீர் போதாமல் போனால் இலை துளையை மூடிக்கொள்ளும், மூடினால் உள்ளே கரியமில வாயு தீர்ந்து ஆக்சிஜன் தேங்கும், ரூபிஸ்கோ இன்னும் அதிகமாகத் தப்புப் பண்ணும். திறந்தாலும் நஷ்டம், மூடினாலும் நஷ்டம்.

கரும்பு இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறது. அதை முதலில் கவனித்தவர்களில் முக்கியமானவர்கள் கரும்பு வியாபாரத்தைச் சேர்ந்த ஆய்வகங்களில் இருந்தவர்கள் என்பது பொருத்தம்தான். ஹவாயில் கோர்ட்ஷாக் குழு, கரும்பு இலையில் கார்பன் முதலில் போய்ச் சேர்வது பெர்க்லி ஆட்கள் சொன்ன மூன்று கார்பன் பொருளில் இல்லை, நான்கு கார்பன் அமிலத்தில் என்று 1965இல் எழுதியது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஹேட்ச், ஸ்லாக் இருவரும் 1966இல் முழு வழியையும் வகுக்கத் தொடங்கினார்கள். சோவியத் நாட்டில் கார்ப்பிலோவ் 1960இலேயே மக்காச்சோளத்தில் இதையே பார்த்திருந்தார், வெளியே யாரும் கவனிக்கவில்லை. விஷயம் இதுதான்: கரும்பு இலையின் வெளிப்புறச் செல்களில் ரூபிஸ்கோவே கிடையாது. அங்கே ஆக்சிஜன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காத வேறொரு நொதி கரியமில வாயுவைப் பிடித்து அமிலமாக்கி, நரம்பைச் சுற்றி மாலைபோல இருக்கும் உள்செல்களுக்கு அனுப்புகிறது. அங்கே அமிலம் உடைந்து வாயு வெளிவரும், ரூபிஸ்கோ அங்கேதான் பூட்டிவைக்கப்பட்டிருக்கிறது. சுற்றிலும் கரியமில வாயு நெருக்கியடித்தால் தப்புப் பண்ண வாய்ப்பே குறைவு. சோளம், கம்பு, கேழ்வரகு, தினை, அருகம்புல், தண்டுக்கீரை எல்லாம் இந்தச் சாதி. மானாவாரி நிலத்தில் சிறுதானியம் தாக்குப்பிடிப்பதற்கு ஒரு காரணம் இது. களை எடுப்பவர்கள் கோரையைத் திட்டுகிறார்களே, அதுவும் இதே கூட்டம், நெல்லுக்கு இல்லாத வசதியோடு நெல் வயலில் நிற்கிறது. இந்த வசதியை நெல்லுக்கும் கொண்டுவர முடியுமா என்று பிலிப்பைன்சின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் தொடங்கிய ஒரு பன்னாட்டுத் திட்டம் 2008 முதல் முயன்றுகொண்டிருக்கிறது, இன்னும் வயலுக்கு வரவில்லை.

கரும்பு அனுப்பும் அந்த அமிலம் மாலிக் அமிலம். பச்சை ஆப்பிளின் புளிப்பு அதுதான். அதை நினைவில் வைத்துக்கொண்டு பெரியம்மாவின் தொட்டிக்கு வரலாம், நடுவில் தரங்கம்பாடி வழியாக.

பெஞ்சமின் ஹைனே என்ற ஜெர்மானியர் மொரேவிய மிஷனில் தரங்கம்பாடிக்கு வந்தவர், பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ராஜதானியில் தாவரவியலாளராக வேலை பார்த்தார், 1819இல் சென்னையிலேயே இறந்தார். அவர் எழுதிய ஒரு கடிதத்தை லண்டன் லின்னேயன் சங்கம் 1815இல் அச்சிட்டது. அதில் ரணகள்ளி பற்றிச் சொல்கிறார். இலையைக் கிள்ளிப் போட்டால் ஓரத்தில் குட்டி போடுமே, அந்தச் செடி. அதன் இலையைக் காலையில் மென்றால் நன்றாகப் புளிக்கிறது, பகல் ஏற ஏறப் புளிப்பு குறைந்து மதியத்தில் சுவையே இல்லை, சாயங்காலம் லேசாகக் கசக்கிறது. ஒரே செடியின் இலையை விடிகாலை, மதியம், சாயங்காலம் என்று மென்று பார்க்கும் மனுஷனை நினைத்தால் எனக்கு மரியாதையாக இருக்கிறது. நீங்கள் செய்யாதீர்கள், ரணகள்ளியில் இதயத்தைப் பாதிக்கும் பொருட்கள் உண்டு, மேய்ந்த மாடுகள் செத்திருக்கின்றன. காலையிலும் மாலையிலும் ஒவ்வோர் இலையை நசுக்கி பிஹெச் தாளில் தொட்டுப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

புளிப்பின் ரகசியம் இது. ரணகள்ளி, சோற்றுக்கற்றாழை, சப்பாத்திக்கள்ளி, அன்னாசி, பிரண்டைத் தண்டு, நம் ஸ்நேக் பிளான்ட், இவையெல்லாம் பகலில் இலைத்துளையை மூடிக்கொள்கின்றன. குளிர்ந்த இரவில், ஈரம் அதிகம் போகாத நேரத்தில் திறந்து கரியமில வாயுவை வாங்குகின்றன. ஆனால் இருட்டில் ஒளிவினையின் ஏடிபி நாணயம் அச்சாகாதே, சர்க்கரை கட்ட முடியாதே? அதனால் கரும்பின் வெளிச்செல் செய்கிற அதே வேலையைச் செய்து, வாயுவை மாலிக் அமிலமாக்கி செல்லின் நடுவிலிருக்கும் பெரிய பையில் ஊறுகாய் மாதிரி விடிய விடிய நிரப்பி வைக்கின்றன. காலையில் புளிக்கிறது. விடிந்ததும் துளையைச் சாத்திவிட்டு, வெயில் விழ விழ அமிலத்தை உடைத்து, மூடிய இலைக்குள்ளேயே ரூபிஸ்கோவுக்குக் கொடுக்கின்றன. மதியத்துக்குள் புளிப்பு தீர்கிறது. கரும்பு இரண்டு வேலையையும் இரண்டு அறையில் பிரித்துவைத்தது என்றால், கற்றாழை ஒரே அறையில் இரண்டு ஷிஃப்டாகப் பிரித்துவைத்தது. பருப்புக்கீரை இரண்டு வித்தையும் தெரிந்தது, ஈரம் இருக்கும்போது கரும்பு வழி, காய்ந்தால் இரவு ஷிஃப்டையும் சேர்த்துக்கொள்ளும். இந்த முறையில் வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும், ராத்திரி பையில் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவுதானே மறுநாள் சமையல்.

வாட்ஸப் செய்தியின் பாதி உண்மை இங்கேதான் இருக்கிறது. ஸ்நேக் பிளான்டும் கற்றாழையும் ராத்திரி கரியமில வாயுவை எடுத்துக்கொள்கின்றன என்பது சரி. எடுத்தால் கொடுக்கும் என்று யாரோ மீதியைத் தாமாகச் சேர்த்துவிட்டார்கள். வாங்கும் வேலை வேறு, தண்ணீரை உடைக்கும் வேலை வேறு. இரண்டாவது வெளிச்சத்தில் மட்டும். ராத்திரி இந்தச் செடிகளும் ஆக்சிஜனைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளத்தான் செய்கின்றன, கொடுப்பதில்லை. துளசிக்கு இந்த இரவு ஷிஃப்ட் வழக்கமே இல்லை, மண்ணில் வேரூன்றி நிற்கும் அரசமரத்துக்கும் அப்படியே, இரண்டும் நெல்லின் வழி. அவற்றுக்குக் கொடுக்கிற மரியாதைக்கு இந்தப் பொய் தேவையும் இல்லை.

நாசா விஷயமும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1989இல் அவர்கள் ஒரு ஆய்வறிக்கை வெளியிட்டது உண்மை. சிறிய, இறுக மூடிய பெட்டிகளுக்குள் செடிகளை வைத்து ஃபார்மால்டிஹைடு, பென்சீன் போன்ற வாயுக்கள் குறைகின்றனவா என்று பார்த்தார்கள். ராத்திரி ஆக்சிஜன் பற்றிய ஆய்வே இல்லை அது.

சரி, கொடுத்தாலும் எவ்வளவு கொடுத்துவிடும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். படுத்திருக்கும் ஆளுக்கு நிமிடத்துக்குக் கால் லிட்டர் போல ஆக்சிஜன் வேண்டும். நல்ல வெயிலில் சுறுசுறுப்பாக வேலை செய்யும் ஒரு சதுர மீட்டர் இலை நிமிடத்துக்கு 30 மில்லிக்குக் கொஞ்சம் குறைவாகத் தரும். அதாவது உச்சிவெயிலில் ஒன்பது சதுர மீட்டர் இலை, ஓர் ஆளுக்கு. அறை வெளிச்சத்தில் ஒரு தொட்டிச் செடி தருவது இதில் தூசி. நல்லவேளையாக நமக்கு அது தேவையும் இல்லை. பத்துக்குப் பத்து அறையில், கூரையும் பத்தடி என்று வைத்துக்கொண்டால், 28,000 லிட்டருக்கு மேல் காற்று இருக்கிறது, அதில் ஆறாயிரம் லிட்டருக்குச் சற்றுக் குறைவாக ஆக்சிஜன். எட்டு மணிநேரத் தூக்கத்தில் ஓர் ஆள் செலவழிப்பது 120 லிட்டர். கதவிடுக்கு ஜன்னலிடுக்கு எல்லாவற்றையும் அடைத்துவிட்டுப் படுத்தாலும் 21 சதவீதம் 20.6 ஆகும்.

இதையெல்லாம் சுருக்கி போனில் சொன்னேன். பெரியம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ ரெண்டு தொட்டியையும் தூக்கிப் போட்டுடவா?" என்றார். வேண்டாம் பெரியம்மா, ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் வைங்க, தினமும் தண்ணி மட்டும் ஊத்தாதீங்க, பகல்ல வாயை மூடிட்டு இருக்குற செடி, பத்து நாளைக்கு ஒரு தடவை ஊத்தினால் போதும் என்றேன். ஏற்கெனவே தினமும் இரண்டு சொம்பு ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு தொட்டியில் அடி அழுகிவிட்டது, இன்னொன்று பிழைத்துக்கொண்டது.